பிள்ளைகளுக்கு உரிமை கற்பித்தல்



1948 டிசம்பர் 10-இல் ஐ.நா. சபை ஏற்ற மனித உரிமைப் பிரகடனத்தில் 30 பிரிவுகள் உள்ளன. சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு இவற்றை எப்படி விளக்குவது?

மறைக்கல்வி வகுப்பில் நாம் கடலைமிட்டாய் பங்கிட்டோம். வேண்டுமென்றே ஒரு வரிசையை விட்டுவிட்டோம். "சாமி, எங்களுக்கு?" என்றான் ஒரு சிறுவன். "அப்படிக் கேட்பதுதான் உரிமை" என்று சொல்லிக் கொடுத்தோம். உடனே ஒரு சிறுமி, "எங்க வீட்டுல வேலை செய்யுற அக்காவுக்கு மட்டும் ஏன் சாமி தனி டம்ளர்?" என்றாள். நாம் வாயடைத்து நின்றோம். பங்குமனையிலும் அப்படியொன்று இருந்தது, அன்றே அகற்றினோம்.

பிள்ளையின் கருத்துக்கும் செவிகொடுக்க வேண்டும் என்கிறது 1989-ஆம் ஆண்டின் குழந்தை உரிமை உடன்படிக்கை. 1992-இல் இந்தியாவும் அதில் இணைந்தது. ஆகவே, கேள்வி கேட்கும் பிள்ளையை அதட்டாதீர்கள். அந்த டம்ளரை எடுத்துவிடுங்கள். உரிமை இன்னதென்று பிள்ளைகள் அதைப் பார்த்தே கற்றுக்கொள்வார்கள்.