ஆழத்துத் தண்ணீர்



கெனசரேத்து ஏரிக்கரையில் சீமோன் வலையை அலசிக்கொண்டிருக்கிறார். இரவு முழுவதும் பாடுபட்டும் ஒரு மீன்கூடப் படவில்லை. அந்த நேரத்தில்தான் ஆண்டவர் அவரை மறுபடியும் ஆழத்துக்குப் போகச் சொல்கிறார். முத்துக்குளித்துறை மக்களாகிய நமக்கு இதற்கு அதிக விளக்கம் வேண்டாம். வெறுங்கையோடு கரை திரும்புவது என்னவென்று நம் வீடுகளுக்குத் தெரியும். மேலே இளஞ்சூடாயிருக்கும் கடல் கீழே போகப்போகக் குளிரும் என்பதும் நமக்குத் தெரியும்.

அந்தக் குளிரைக்கொண்டு மின்சாரம் எடுக்க நம் கடலில் ஒரு முயற்சி நடந்தது. சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம், ஜப்பானின் சாகா பல்கலைக்கழகத்தின் துணையோடு, 'சாகர் சக்தி' என்ற மிதவைக் கலத்தை உருவாக்கியது. 1 மெகாவாட் எடுப்பது திட்டம். மேல்தண்ணீர் 28, 29 டிகிரி. 1,000 மீட்டர் ஆழத்திலோ 7, 8 டிகிரிதான். மேல்தண்ணீரின் சூட்டில் அம்மோனியா ஆவியாகி டர்பைனைச் சுழற்றும். ஆழத்துத் தண்ணீர் அந்த ஆவியைக் குளிரவைத்து மறுபடி திரவமாக்கும். நிலக்கரி வேண்டாம், சாம்பல் இல்லை, இரவிலும் நிற்காது. அனல்மின் நிலையப் புகைபோக்கிகளைப் பார்த்தபடியே வாழும் நமக்கு இதன் அருமையைச் சொல்லவும் வேண்டுமா?

ஆனால் அதற்கு ஏறக்குறைய 1 கிலோமீட்டர் நீளக் குழாயைக் கடலுக்குள் இறக்கவேண்டும். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அந்த வேலையில்தான் முயற்சி முறிந்தது. மறுமுறையும் கைகூடவில்லை. பணத்தைக் கடலில் கொட்டினார்கள் என்று பேசுவது எளிது. வலையை அலசுகிறவர் நாளைக்கும் கடலுக்குப் போக நினைக்கிறவர் என்பதை நாமாவது மறக்கக்கூடாது.

அதே நிறுவனம் 2005-இல் லட்சத்தீவின் கவரத்தியில் சுமார் 350 மீட்டர் ஆழத்திலிருந்து குளிர்நீரை ஏற்றியது. காற்று நீக்கிய கலத்தில் கடல்நீரை ஆவியாக்கி, அந்தக் குளிர்நீரால் குளிரவைத்து, நாளொன்றுக்கு 1 லட்சம் லிட்டர் நன்னீர் எடுத்தார்கள். கோயில் மணியல்ல, பாங்கு ஒலிக்கும் தீவு அது. உப்புக் கிணற்று நீரைக் குடித்துவந்த நம் சகோதர சகோதரிகளுக்கு ஆழ்கடலே தண்ணீர் தந்தது. பம்புகளை ஓட்டும் மின்சாரத்துக்கு மட்டும் கப்பலில் வரும் டீசலை நம்பவேண்டியிருந்தது. அதற்கும் கடலின் வெப்ப வேறுபாட்டையே பயன்படுத்த, 65 கிலோவாட் நிலையம் ஒன்றை அங்கே அமைத்துவருகிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. ஆண்டவரேகூட சீமோனின் படகில் ஏறியதும், கரையிலிருந்து சற்றுத் தள்ளும்படி அவரைக் கேட்டுக்கொண்டார், கட்டளையிடவில்லை. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' மடலில், இத்தகைய திட்டங்களைப் பேசும் இடத்தில் அந்தந்த ஊர் மக்களுக்குத் தனியிடம் வேண்டும் என்கிறார். நாளை நம் கடலில் மறுபடியும் குழாய் இறக்க யாராவது வந்தால், எந்தப் பாரில் சங்கு எடுக்கிறோம், நீவாடு எப்போது எந்தப் பக்கம் இழுக்கும் என்று நம்மிடம் கேட்டுவிட்டு இறக்கட்டும். அந்த மின்சாரமும் பெரிய ஆலைகளுக்கு முன்பாகக் கடற்கரைக் குடிசைக்கு வரட்டும்.

வருகிற ஞாயிறு மன்றாட்டில் கவரத்தியில் வேலைசெய்யும் தொழிலாளரையும், இன்றிரவு கடலில் நிற்கும் நம் படகுகளையும் சேர்த்துக்கொள்வோம்.