ஓ.டி.பி.யும் கையெழுத்துதான்

வாடகை ஒப்பந்தம், கடன் பத்திரம் எல்லாம் இப்போது போனிலேயே கையெழுத்தாகின்றன. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்கையொப்பத்தை ஏற்கிறது. உயில் போன்ற சிலவற்றுக்கு இன்னும் பேனாதான் வேண்டும்.

பேனா கையெழுத்தைப் படமெடுத்து ஒட்டினால், அதை யாரும் வெட்டி வேறு தாளில் ஒட்டிவிடலாம். ஆதார் எண்ணைக் கொடுத்து, போனுக்கு வரும் ஓ.டி.பி.யைத் தட்டிப் போடும் மின்கையொப்பமான ஆதார் இ-சைன் அப்படியல்ல. கையொப்பமிட்ட பிறகு ஓர் எழுத்தை மாற்றினாலும் சரிபார்க்கும்போது தெரிந்துவிடும். கணினியில் பி.டி.எஃப். திறக்கும்போது மஞ்சள் கேள்விக்குறி வந்தால் பதறாதீர்கள். அதைச் சொடுக்கி, சான்றிதழில் யார் பெயர், எந்தத் தேதி என்று பாருங்கள்.

கவலை எனக்கு ஓ.டி.பி.யைப் பற்றித்தான். “எண்ணை மட்டும் சொல்லுங்க சார், மத்ததை நாங்க பாத்துக்கிறோம்” என்பவரிடம் அதைச் சொல்வது, வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதுதான். கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டு நீங்களே தட்டுங்கள். கையொப்பமிட்ட பிரதியை அன்றே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.