விருந்துக்கு ஏற்ற பானம்



உணவுக்கு ஏற்ற பானத்தைத் தெரிந்தெடுத்தல் மேனாட்டார் பெரிதும் போற்றும் கலை. வான்கோழி விருந்தை எடுத்துக்கொள்வோம். அதன் இறைச்சி கொழுப்புக் குறைந்தது. சற்றே கூடுதலாக வெந்தாலும் வறண்டுவிடும். ஆதலால் துவர்ப்பு மிகுந்த திராட்சை மதுவை விலக்கி, இதமான புளிப்புடையதையே அதனுடன் வைப்பர். உணவின் குறையைப் பானம் ஈடுசெய்தல் வேண்டும் என்பதே இதன் உட்பொருள்.

யாழ்ப்பாணத்துத் தீவுகளிலும் இவ்விதி செல்லும். ஊர்காவற்றுறையிலோ நெடுந்தீவிலோ உற்றார் கூடினால் அடுப்பில் ஏறுவது ஒடியற்கூழ். பனங்கிழங்கைப் பிளந்து, காயவைத்து, இடித்த மாவுடன் நண்டு, இறால், மீன், பலாக்கொட்டை, பயிற்றங்காய், புளி, செத்தல் மிளகாய் ஆகியன சேரும். உறைப்பே அதன் உயிர். மதுசாரம் மிகுந்த பானம் நாவின் எரிவை மேலும் தூண்டும். இனிப்போ அதனைத் தணிக்கும். ஆகவே சாராயம் கூழுக்குத் துணையாகாது.

ஏற்ற பானத்தைக் கிழங்கு தந்த பனையே தருகின்றது. பாளையைச் சீவி முட்டி கட்டினால் இனிய நீர் வடியும். முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தால் நொதித்தல் தடைப்பட்டுக் கருப்பநீர் கிடைக்கும். தடவாவிடின் சில மணி நேரத்திற் கள்ளாகிவிடும். கள் பல குடும்பங்களின் அடுப்பை அணைத்ததுண்டு. கருப்பநீரோ சிறுவரும் முதியவரும் ஒருங்கே பருகத்தக்கது.

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலின் அன்னதானப் பந்தியில் மதுவுக்கு இடமே இல்லை. அங்கே தண்ணீரே தக்க பானம். இடமறிந்து தெரிதலும் இக்கலையின் பாற்பட்டதே.

ஆயினும் கருப்பநீர் இன்று எளிதிற் கிடைப்பதில்லை. 1978ஆம் ஆண்டில் பனை அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. பின்னர் மூண்டு 2009 வரை நீடித்த போரில் எண்ணற்ற பனைகள் வீழ்ந்தன. புதிதாக நட்ட விதை பாளை ஈனப் பத்து ஆண்டுகளுக்கு மேற்செல்லும். மரம் நின்றாலும் ஏறுவோர் அருகி வருகின்றனர். காரணம் உயரம் மட்டுமன்று. பானத்தை இறக்கித் தந்தவருக்குப் பந்தியில் இடம் மறுத்த காலம் ஒன்று இருந்தது. அவ்விழிவை நினைவிற் கொண்ட தந்தை தன் மகனை மரத்தில் ஏற்றுவாரா?

ஆதலின் விருந்துக்குப் பானம் தெரிவோர், அதனை இறக்கும் கைகளுக்குத் தக்க ஊதியமும், தம் பக்கத்திலேயே ஓர் இலையும் இடுவாராக. அப்பொழுதுதான் விருந்து நிறைவு பெறும்.