தார் சுற்றும் நேரம் எந்தக் கணக்கில்?

(சங்ககிரியில் தறித் தொழிலாளர்களும் லாரித் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று நான் பேச வந்த விஷயம் கூலி உயர்வும் அல்ல, போனஸும் அல்ல. நேரத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

ஆலை முதலாளிக்கும் நாளைக்கு 24 மணிதான். தறிக்காரர் வீட்டுப் பெண்ணுக்கும் 24 மணிதான். அந்த 24 மணியும் எதில் எதில் செலவாகிறது என்று சர்க்கார் கணக்கெடுக்கிறது. அந்தக் கணக்கில் எது சம்பாத்திய வேலை, எது வீட்டு வேலை, எது ஓய்வு என்று வகை பிரிக்கிறது. "இது டில்லியில் இருக்கும் நிபுணர்கள் பாடு, நமக்கென்ன?" என்று சிலர் கேட்கலாம். நமக்குத்தான் இருக்கிறது. யார் தொழிலாளி, யார் தொழிலாளி அல்ல என்ற கேள்விக்கு விடை அந்த வகை பிரிப்பில்தான் ஒளிந்து கிடக்கிறது.

கணக்கின் கதை

நேரக் கணக்கு புதிய சங்கதி அல்ல. 1920களிலேயே சோவியத் பொருளாதார அறிஞர் ஸ்ட்ருமிலின், தொழிலாளர் குடும்பங்களின் பொழுது எப்படிப் போகிறது என்று மணிக்கணக்காக எடுத்துக் காட்டினார். 1960களில் ஹங்கேரி நாட்டு அறிஞர் சலாய் தலைமையில் 12 நாடுகளில் இதே ஆராய்ச்சி நடந்தது. நம் நாட்டில் 1998 ஜூலை முதல் 1999 ஜூன் வரை ஆறு மாநிலங்களில் 18,591 குடும்பங்களைக் கேட்டு முதல் பெரிய கணக்கு எடுத்தார்கள். ஆறில் ஒன்று தமிழ்நாடு.

அந்தக் கணக்கு சொன்னது என்ன? தேசிய வருமானத்தில் சேரும் வேலையில் ஆண் வாரத்துக்குச் சுமார் 42 மணி நேரம் உழைத்தான்; பெண் சுமார் 19 மணி நேரம். வீட்டு வேலை, பிள்ளை பராமரிப்பு முதலியவற்றில் ஆணுக்கு வாரம் 4 மணி நேரம்கூட ஆகவில்லை. பெண்ணுக்கோ 34 மணி நேரத்துக்கு மேல். இரண்டையும் கூட்டிப் பாருங்கள். ஆணுக்கு ஏறத்தாழ 46, பெண்ணுக்கு ஏறத்தாழ 53. அதிகம் உழைத்தவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு 2019இல் நாடு முழுவதும் கணக்கெடுத்தார்கள். 2024இல் மறுபடியும் சுமார் 1 லட்சத்து 39 ஆயிரம் குடும்பங்களில் எடுத்தார்கள். 15 வயது முதல் 59 வயது வரை உள்ளவர்களில், கேட்ட அந்த ஒரு நாளில், சம்பாத்திய வேலையில் ஈடுபட்ட ஆண்கள் 100க்கு 75 பேர். பெண்கள் 25 பேர்.

இங்கேதான் நான் நிறுத்திக் கேட்கிறேன். நம் தறிக்காரத் தெருக்களில் நடந்து பாருங்கள். நூறு பெண்களில் இருபத்தைந்து பேர்தானா உழைக்கிறார்கள்? மற்ற எழுபத்தைந்து பேரும் வீட்டு வேலையும் படிப்பும் தவிர வேறொன்றும் அறியாதவர்களா?

ஒன்பது வகைகள்

கணக்கெடுப்பவர் வீட்டுக்கு வந்து, காலை 4 மணி முதல் மறுநாள் காலை 4 மணி வரை அரை மணி அரை மணியாகக் கேட்கிறார். ஆக 48 கட்டங்கள். ஒரே அரை மணியில் பல காரியம் செய்திருந்தால், பத்து நிமிடத்துக்குக் குறையாமல் செய்தவற்றில் மூன்று வரை எழுதுகிறார். அவற்றில் ஒன்றை முக்கியமானது என்று குறிக்கிறார்.

இப்படி எழுதியதை ஐக்கிய நாடுகள் சபை 2016இல் வகுத்த ஒன்பது வகைகளில் சேர்க்கிறார்கள். முதல் வகை சம்பாத்திய வேலை. இரண்டாவது, சொந்த உபயோகத்துக்குப் பொருள் உற்பத்தி செய்வது. மூன்றாவது, ஊதியமில்லாத வீட்டு வேலை. நான்காவது, ஊதியமில்லாத பராமரிப்பு. ஐந்தாவது, தொண்டு, பயிற்சி முதலிய ஊதியமில்லாத உழைப்பு. மிச்சம் நான்கும் படிப்பு, ஊர் உறவு, பொழுதுபோக்கு, தூக்கம் சாப்பாடு போன்றவை.

பசு மாட்டை எடுத்துக் கொள்ளுங்கள். பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றுவதற்காக மாடு வளர்த்தால் அந்த நேரம் முதல் வகை. வீட்டுக் குழந்தைகளுக்குப் பாலும் மோரும் வேண்டுமென்று வளர்த்தால் இரண்டாவது வகை. மாடு ஒன்றுதான், கறக்கும் கையும் ஒன்றுதான். பொருள் யாருக்குப் போகிறது என்பதைப் பார்த்து வகை மாறுகிறது. இது நியாயமான விதிதான். ஆனால் இந்த விதியை நம் தறிகளின்மேல் வைத்துப் பாருங்கள், குட்டு வெளிப்படும்.

தார் சுற்றும் கை

வீட்டிலேயே இரண்டு தறி போட்டு, ஜவுளிக்காரரிடம் பாவும் நூலும் வாங்கி, மீட்டர் கூலிக்கு நெய்து கொடுக்கும் குடும்பம் ஒன்றை நினையுங்கள். தறி ஓட்டுவது புருஷன். ஊடை நூலைத் தாரில் சுற்றிக் கொடுப்பது மனைவி. பாவு பிணைக்கும்போது மாமியாரும் வந்து உட்காருகிறார். தார் வராவிட்டால் நாடா ஓடாது. நாடா ஓடாவிட்டால் துணி ஏது? துணி சந்தைக்குப் போகிறது, வீட்டுப் பெட்டிக்குப் போகவில்லை. ஆகவே விதிப்படி அந்தப் பெண் தார் சுற்றும் நேரம் முதல் வகை, சம்பாத்திய வேலை. இதில் சந்தேகமே இல்லை. 2013இல் ஜெனீவாவில் கூடிய உழைப்புப் புள்ளிவிவர நிபுணர்களின் சர்வதேச மாநாடும், குடும்பத் தொழிலில் கைகொடுப்பவரை வேலையில் இருப்பவராகவே ஏற்றுக் கொண்டது.

சரி, நடைமுறையில் என்ன நடக்கிறது? "அம்மா, என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று கேட்கிறார்கள். "நான் எங்கே வேலைக்குப் போறேன்? சும்மா வீட்டிலேதான் இருக்கேன்" என்று பதில் வருகிறது. சில சமயம் புருஷனே வாசலில் நின்று அந்தப் பதிலைச் சொல்லிவிடுகிறார். காரணம் தெளிவு. கூலி ஒரு கையில்தான் வருகிறது. கூலி வாங்காத கை வேலை செய்யாத கை என்று நாமே நம்பிவிட்டோம்.

உழைப்பாளர் கணக்கெடுப்பில் தேசியப் புள்ளிவிவர அலுவலகம் வைத்திருக்கும் குறியீட்டு எண்களைக் கேளுங்கள். வீட்டுத் தொழிலில் கூலியின்றி உதவும் குடும்ப உழைப்பாளிக்கு எண் 21. அவர் வேலையில் இருப்பவர். வீட்டுக் காரியம் மட்டும் பார்ப்பவருக்கு எண் 92. வீட்டுக் காரியத்தோடு விறகு பொறுக்குவது, வீட்டு உபயோகத்துக்குத் தைப்பது, நெய்வது முதலியவற்றையும் செய்பவருக்கு எண் 93. 92ம் 93ம் உழைப்பாளர் பட்டியலுக்கே வெளியே. அதே பெண், அதே தார், அதே மணி. "சும்மா இருக்கேன்" என்ற ஒரு சொல் 21ஐ 92 ஆக்கிவிடுகிறது.

அதனால் என்ன நஷ்டம்?

"ஒரே குடும்பம்தானே, பணம் வீட்டுக்குத்தானே வருகிறது, யார் பெயரில் எழுதினால் என்ன?" என்று கேட்கும் தோழர்களும் உண்டு. அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஒரு பேச்சுக்கு வைத்துக் கொள்வோம். புருஷன் 10 மணி நேரம் தறி ஓட்டி 600 ரூபாய் கூலி பெறுகிறார். மணிக்கு 60 ரூபாய் என்று ஜவுளிக்காரர் கணக்குச் சொல்வார். மனைவி 5 மணி நேரம் தார் சுற்றினார், தாய் 3 மணி நேரம் பாவுக்கு உட்கார்ந்தார் என்றால் மொத்தம் 18 மணி நேரம். இப்போது வகுத்துப் பாருங்கள். மணிக்கு 33 ரூபாய்! மூன்று பேர் உழைப்புக்கு ஒருவர் கூலி. மறைந்து போன 8 மணி நேரம் யாருடைய லாபத்தில் சேர்ந்தது? மீட்டர் கூலி பேச உட்காரும்போது இந்த 18 மணியை மேஜைமேல் வைக்காமல் 10 மணியை மட்டும் வைத்தால், பேச்சு தொடங்கு முன்பே நாம் பாதி தோற்றவர்கள்.

இன்னொன்று. நல வாரியத்தில் பதியப் போனால் முதல் கேள்வி, "என்ன தொழில்?" என்பது. நாளைக்குப் புருஷன் கண் மூடினால், இருபது வருஷம் தார் சுற்றிய பெண் எந்தத் தொழிலின் பெயரால் உரிமை கேட்பாள்?

2023 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு மகளிர் உரிமைத் தொகையை மாதம் 1,000 ரூபாய் என்று தொடங்கியது. வீட்டில் பெண் செய்யும் ஊதியமில்லாத உழைப்புக்கு அங்கீகாரம் என்றார்கள். நல்லது. 2024 கணக்குப்படி, வீட்டு வேலை செய்யும் பெண் அதற்கு நாளொன்றுக்குச் சராசரி 289 நிமிடம் செலவிடுகிறாள். செய்யும் ஆண்கள் 88 நிமிடம். ஆனால் தார் சுற்றுவது அந்த 289 நிமிடத்தில் சேர வேண்டியதல்ல. அது துணியின் விலையில் ஏறிய உழைப்பு. அதற்குப் பதில் சொல்ல வேண்டியது கூலி. உதவித் தொகை அல்ல. இரண்டையும் குழப்ப விடக் கூடாது.

லாரி நிற்கும் நேரம்

இங்கே உட்கார்ந்திருக்கும் டிரைவர் தோழர்கள், "இது பெண்கள் பிரச்னை" என்று இருந்துவிட வேண்டாம். சங்ககிரி லாரித் தொழிலால் பெயர் பெற்ற ஊர். லாரி ஓடும் நேரம் வேலை, சரி. லோடு ஏற்ற வரிசையில் ஒரு பகலும் ஓர் இரவும் நிற்கிறீர்களே, அது என்ன? வண்டியை விட்டு நகர முடியாது. தார்ப்பாய்க்கும் டீசலுக்கும் நீங்களே காவல். அது ஓய்வா?

1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு 8 மணி, வாரம் 48 மணி என்று வரம்பு கட்டியது. நெடுந்தூர வண்டிகளுக்கு 10 மணியும் 54 மணியும் வரை இடம் கொடுத்தது. ஆனால் முனையங்களில் வெறுமனே காத்திருக்கும் நேரத்தில், 15 நிமிடத்துக்குக் குறைந்ததைத்தான் வேலை நேரத்தில் சேர்த்துச் சொன்னது. 14 நிமிடம் காத்தால் வேலை; 14 மணி நேரம் காத்தால்? 2020இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்தப் பழைய சட்டத்தைத் தனக்குள் இழுத்துக் கொண்டது. காத்திருப்பைப் பற்றிய கேள்வி மட்டும் தீரவில்லை.

ஐக்கிய நாடுகள் சபையின் வகைப்பாடோ, வேலையோடு சேர்ந்த துணைக் காரியங்களையும் வேலைக்கு நடுவே வரும் இடைவேளையையும் முதல் வகையிலேயே வைக்கிறது. இதை டிரைவர்கள் நன்றாக மனதில் வாங்கிக் கொள்ள வேண்டும். "லோடுக்கு நின்றேன்" என்று சொன்னால் வேலை. "சும்மா வண்டியில் படுத்திருந்தேன்" என்று சொன்னால் ஒன்பதாவது வகை. தூக்கம் என்று எழுதிவிட்டுப் போவார்கள். ட்ரிப்புக்கு இவ்வளவு என்று பேசும் கூலியில் இந்தக் காத்திருப்புக்கு இடமே இல்லை. தறியில் மீட்டர் கூலி எதை மறைக்கிறதோ, ரோட்டில் ட்ரிப் கூலி அதையே மறைக்கிறது.

செய்ய வேண்டியது

புள்ளிவிவரம் தானாகப் பொய் சொல்வதில்லை. கேட்காததை எழுத அதற்குத் தெரியாது, அவ்வளவுதான். ஆகவே நேரக் கணக்கெடுப்பு ஆனாலும், 2027 மக்கள் தொகைக் கணக்கெடுப்பு ஆனாலும், கேட்க வருபவரிடம் பெண்களே நேரில் பதில் சொல்ல வேண்டும். "வீட்டில் இருக்கிறேன்" என்று நிறுத்தக் கூடாது. "இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை தார் சுற்றினேன், துணி ஜவுளிக்காரருக்குப் போகிறது" என்று சொல்ல வேண்டும். மடியில் பிள்ளை இருந்தாலும் கை ராட்டையில் இருந்ததைச் சொல்ல வேண்டும்.

கணக்கெடுக்க வருபவர் நம் எதிரி அல்ல. அவரும் ஒப்பந்தத்தில் அலைகிற கூலிக்காரராக இருக்கக் கூடும். அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, நிதானமாக உட்கார வைத்து, 48 கட்டத்தையும் நிரப்பச் சொல்லுங்கள்.

சர்க்காருக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். ஒவ்வொரு தறித் தெருவிலும் பத்து வீடுகளில், ஒவ்வொரு லாரிச் செட்டிலும் பத்து டிரைவர்களிடம், ஒரு வாரத்துக்கு நாமே நோட்டுப் போட்டு எழுதுவோம். எழுதத் தெரியாதவர்களுக்குப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். அடுத்த கூலிப் பேச்சுக்கு அந்த நோட்டுடன் போவோம். பேச உட்காருபவர்களில் தார் சுற்றும் பெண்களும் இருக்க வேண்டும். எட்டு மணி நேர வேலை நாளுக்காக உலகத் தொழிலாளர்கள் ரத்தம் சிந்தினார்கள். அந்த எட்டு மணியை எண்ணத் தொடங்க வேண்டிய இடம் நம் வீட்டுத் திண்ணை.