நாங்கள் சண்டைப் படம் பார்த்த கதை

(பழைய மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசியவர்கள் தொழில் வளர்ச்சி, வேலைவாய்ப்பு என்று கனமான விஷயங்களைத் தொட்டுவிட்டார்கள். நான் குங்ஃபூ படங்களைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்காதீங்க.

எங்கள் விடுதியில் ஒரே ஒரு கணிப்பொறி, அதைச் சுற்றிப் பன்னிரண்டு பேர். நாளை காலை தேர்வு என்றாலும் ராத்திரி ஹாங்காங் படம் ஓடும். உண்மையைச் சொன்னால், கேலி செய்யத்தான் பார்த்தோம். வாய் ஒரு பக்கம் அசையும், வசனம் இன்னொரு பக்கம் வரும். அடி விழுந்தால் துவைகல்லில் துணி அடிக்கிற சத்தம். அந்தக் காலத்தில் அங்கே படத்தை ஒலியில்லாமல் எடுத்துவிட்டுப் பிறகு குரல் சேர்ப்பதுதான் வழக்கம் என்று எங்களுக்கு யார் சொல்வது?

ஒரு ராத்திரி 'ஷாவ்லினின் 36ஆவது அறை' என்ற படம் கிடைத்தது. 1978இல் ஷா பிரதர்ஸ் நிறுவனம் வெளியிட்டது. இயக்கம் லாவ் கார்-லியுங், கதாநாயகன் கார்டன் லியு. பாதிப் படத்தில் சிரிப்பு நின்றுபோச்சு.

மஞ்சு ஆட்சியின் கொடுமைக்குத் தப்பி ஓடிவரும் மாணவன், சண்டை கற்க ஷாவ்லின் மடத்தில் சேர்கிறான். அங்கே 35 பயிற்சி அறைகள். எடுத்த எடுப்பில் உச்சி அறைதான் வேண்டும் என்கிறான், நம்ம முதலாண்டுப் பையன் மாதிரி. தூக்கி வெளியே போடுகிறார்கள். அடிமட்ட அறையில் அவனுக்குக் கிடைப்பது கத்தியும் இல்லை, கம்பும் இல்லை. சாப்பாட்டுக் கூடத்துக்கு முன்னால் தண்ணீர், அதில் மிதக்கும் ஒரு கட்டைக் கட்டு. அதன்மேல் கால் வைத்துத் தாண்டினால் சோறு, விழுந்தால் பட்டினி. எல்லோரும் தூங்கிய பிறகு தனியாக வந்து விழுந்து விழுந்து பழகுகிறான்.

அடுத்து, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டித் தண்ணீர் வாளி சுமக்க வேண்டும். கை தாழ்ந்தால் குத்துவதற்கு மேற்கையில் கத்தி கட்டியிருக்கும். நாமெல்லாம் கேண்டிலீவர் கணக்குப் போட்டவர்கள். தோளில் என்ன விழும் என்று தெரியும். அதற்குப் பிறகு, நீண்ட கழியின் நுனியில் கனமான சுத்தியலை மாட்டி மணி அடிக்கிற பயிற்சி. கழி நீள நீள மணிக்கட்டில் விழும் திருப்புத்திறன் கூடுகிறது. அந்தக் காட்சியில் எங்கள் அறையில் ஒருத்தன் காகிதத்தை எடுத்துக் கணக்கே போட ஆரம்பித்தான்!

வில்லனோடு சண்டை கடைசியில்தான் வருகிறது. படத்தின் நடுப்பகுதி முழுக்கப் பயிற்சிதான். ஒரு மனிதன் ஒரு விஷயத்தைக் கற்றுக்கொள்வதை இவ்வளவு பொறுமையாகக் காட்டிய வேறு படம் நான் பார்த்ததில்லை. என்னை இழுத்தது அடிதடி இல்லை, இதுதான்.

இயக்குநர் லாவ் கார்-லியுங்கின் அப்பா, லாம் சாய்-விங் என்ற ஆசானிடம் கற்றவர். அந்த லாம் சாய்-விங்கின் குரு, தென்சீனத்தின் புகழ்பெற்ற வோங் ஃபெய்-ஹுங். ஆக, திரையில் தெரியும் அடவுகள் வழிவழியாகக் கைக்குக் கை வந்தவை. அதனால்தான் அவர் கேமராவைத் தள்ளி வைத்து, தலை முதல் கால் வரை தெரிய, வெட்டாமல் நீளமாக எடுக்கிறார். செய்யத் தெரிந்தவனுக்குத் துண்டுத் துண்டாக வெட்டி ஒட்ட வேண்டிய அவசியம் என்ன?

(ஷாவ்லின் என்றதும் "போதிதர்மர் நம்ம காஞ்சிபுரத்துக்காரர்!" என்று பின்வரிசையில் ஒரு குரல் கேட்கிறது. அதைக் காபி இடைவேளையில் வைத்துக்கொள்வோம்.)

ஒரு உறுத்தலையும் சொல்லணும். விடுதியில் நாங்கள் அதிகம் கைதட்டியது ஜாக்கி சானுக்குத்தான். 1985இல் வந்த 'போலீஸ் ஸ்டோரி'யில், வணிக வளாகத்தின் உச்சியிலிருந்து விளக்குச் சரம் சுற்றிய கம்பத்தைப் பிடித்துச் சறுக்கி வருவார். உண்மையாகவே சறுக்கினார், உள்ளங்கை வெந்துபோனது. சிறு வயதில் அவரும் சாமோ ஹங்கும் படித்த பீக்கிங் ஓப்பரா பள்ளியில் பிரம்படி சாதாரணம்.

சில வருஷங்களுக்கு முன் நான் பொறுப்பில் இருந்த ஒரு கட்டட வேலையில், கம்பி கட்டுகிற ஒருவர் சேஃப்டி பெல்ட் மாட்டாமல் சாரத்தில் ஏறி விழுந்தார். கால் முறிந்தது, உயிர் தப்பியது. அவர் ஏறியதை நான் பார்த்தேன். நல்ல வேகக்காரர் என்று மனதுக்குள் மெச்சினேனே தவிர, இறங்கச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கம்பக் காட்சி வந்தால் எனக்குக் கை எழுவதில்லை. ஜாக்கி சான் மேல் மதிப்புக் குறையவில்லை. ஆனால் மிதக்கும் கட்டையை எத்தனை முறை வேண்டுமானாலும் பார்ப்பேன், இதை முடியவில்லை.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு விடுதிக் கூடத்தில் '36ஆவது அறை' போடுவதாகத் தம்பிகள் சொல்லியிருக்கிறார்கள். முதல் அரைமணி கொஞ்சம் இழுக்கும், தூங்கிடாதீங்க. இரட்டைக் கத்திக்காரத் துறவியிடம் தோற்றுத் தோற்று, கடைசியில் கதாநாயகன் ஒரு கம்பை மூன்று துண்டாக்கிச் சங்கிலியில் கோத்துக்கொண்டு வருவான். ஒரு துண்டைத் தடுத்தால் அடுத்த துண்டு வளைந்து போய் அடிக்கும். அந்த இடத்தில் விசில் அடிக்கலாம். வார்டன் சாரிடம் அனுமதி வாங்கியாச்சு.