கடலின் அடித்தளமும் கப்பலின் அடித்தட்டும்

புகழனைத்தும் வல்ல அல்லாஹ் ஒருவனுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது முஸ்தபா ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

அல்லாஹ்வின் நல்லடியார்களே!

கடல் தொழில் செய்யும் வாலிபர் ஒருவர் ஜும்ஆ முடிந்தபின் என்னை அணுகினார். "ஹஜ்ரத், நமது ஷாஃபிஈ மத்ஹபில் கடல்வாழ் பிராணிகள் பெரும்பாலும் ஹலால்தானே? அப்படியிருக்க, கடல் அட்டையைப் பிடிக்க ஏன் தடை? சேற்றில் கிடக்கும் அதனால் யாருக்கு என்ன பயன்?" என்று வினவினார். அந்த வினாவுக்குரிய விடையே இன்றைய உரை.

சகோதரர்களே! பூமியில் ஊர்வனவும் வானில் பறப்பனவும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று அல்அன்ஆம் அத்தியாயத்தின் 38ஆம் வசனம் அறிவிக்கின்றது. ஒவ்வொரு பொருளும் ஓர் அளவின்படியே படைக்கப்பட்டுள்ளதை அல்கமர் அத்தியாயத்தின் 49ஆம் வசனம் உணர்த்துகின்றது. வீணாகப் படைக்கப்பட்டது ஒன்றுமில்லை.

கடலின் அடித்தளத்தைச் சிந்தித்துப் பாருங்கள். கடல் அட்டை மணலையும் சேற்றையும் விழுங்கி, அவற்றிலுள்ள மக்கிய கழிவுகளைச் செரித்து, மணலை மட்டும் வெளியே தள்ளுகின்றது. அதன் கழிவில் கரையும் சத்துகள் கடற்புற்களுக்கும் பாசிகளுக்கும் உரமாகின்றன. புழுக்களும் நண்டுகளும் வளை தோண்டுவதால் சேற்றுக்குள் பிராணவாயு இறங்குகின்றது. சிப்பிகள் நீரை வடிகட்டுகின்றன. கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள் இறந்தவற்றைச் சிதைத்து, மீண்டும் உணவாக்கித் தருகின்றன. மேலே துள்ளும் மீனின் இரை கீழேயுள்ள இந்த உழைப்பாளிகளால் விளைவது.

ஒரு மஹல்லாவை எண்ணிப் பாருங்கள். பாங்கு சொல்லும் முஅத்தின், ஹவுளைச் சுத்தம் செய்பவர், கப்ருக்குழி வெட்டுபவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பணி உண்டு. குழி வெட்டுபவர் ஊரைவிட்டுப் போய்விட்டால், ஊரின் பெரிய செல்வந்தரின் ஜனாஸாவும் காத்துத்தான் கிடக்கும். சிறியவர் என்று நாம் எண்ணியவரின் அருமை அன்றுதான் விளங்கும்.

இத்தாலி நாட்டு அறிஞர் ராபர்ட்டோ டனோவாரோவும் அவருடைய குழுவினரும் ஆழ்கடலின் 116 இடங்களில் திரட்டிய விவரங்களை ஆராய்ந்து, 2008ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். அவர்கள் எண்ணிப் பார்த்தவை நூலிழை போன்ற நுண்புழுக்களே. அவற்றின் வகைகள் மிகுந்துள்ள இடத்தில் கடலடியின் பணிகள் பன்மடங்கு சிறப்பாக நடைபெறுவதையும், வகைகள் குறைந்த இடத்தில் அப்பணிகள் அதைவிட வேகமாகக் குன்றிவிடுவதையும் அவர்கள் கண்டனர். சுப்ஹானல்லாஹ்! புழுவின் வகையிலும் எத்துணை ஹிக்மத்!

நம் அருகிலுள்ள மன்னார் வளைகுடாவையே பாருங்கள். அங்கே 21 தீவுகள் இருந்தன. தீவுகளைச் சூழ்ந்த பவளப்பாறைகள் அலைகளைத் தடுத்து நின்றன. மனிதர்கள் பல்லாண்டுகள் அப்பாறைகளைச் சுண்ணாம்புக்காக வெட்டி எடுத்தனர். பூவரசன்பட்டி, விலங்குசல்லி எனும் இரு தீவுகள் நீரில் மூழ்கிப்போயின. சிறு உயிர்கள் கட்டிய கோட்டையை நாம் இடித்தோம், நிலத்தையே இழந்தோம். கடல் அட்டையும் அளவின்றிப் பிடிக்கப்பட்ட நிலையில்தான் 2001ஆம் ஆண்டில் அரசு அதனைப் பாதுகாக்கப்பட்ட உயிரினமாக்கித் தடை விதித்தது.

கண்ணியமிக்கவர்களே! நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்கள் அறிவித்து, புகாரி ஷரீஃபில் பதிவாகியுள்ள ஹதீஸை நினைவுகூருங்கள். ஒரு கப்பலில் சிலர் மேல்தட்டிலும் சிலர் கீழ்த்தட்டிலும் இடம் பெற்றனர். கீழே இருந்தவர்கள் தண்ணீருக்காக மேலே சென்று வந்தனர். மேலே உள்ளவர்களுக்குத் தொல்லை தராமல், தங்கள் பகுதியிலேயே துளையிட்டுக்கொள்ள அவர்கள் நினைத்தனர். மற்றவர்கள் தடுத்தால் எல்லோரும் பிழைப்பர்; விட்டுவிட்டால் எல்லோரும் அழிவர் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள்.

கடலடியை இழுவை மடியால் சுரண்டுவது கப்பலின் அடித்தட்டில் துளையிடுவதாகும். துளையிடுபவர் மட்டுமா குற்றவாளி? தடையை மீறிப் பிடிக்கும் கூலியாள் வழக்கில் சிக்குகிறார். வாங்கி ஏற்றுமதி செய்து செல்வம் சேர்ப்பவரோ கரையில் அமர்ந்திருக்கிறார். மறுமையில் இருவரும் பதில் சொல்லியாக வேண்டும்.

எனவே அந்த வாலிபருக்கு நான் சொன்னேன்: "தம்பி, ஹலால் என்பது உண்ணுவதற்கான அனுமதி, வேரோடு அழிப்பதற்கான அனுமதி அன்று. பிறருக்குத் தீங்கிழைப்பது மார்க்கத்தில் இல்லை. நாளைய பிள்ளையின் ரிஸ்கைப் பறிப்பதும் தீங்குதான்."

அவர் தலைகுனிந்து, "வீட்டில் அடுப்பெரிய வேண்டுமே, ஹஜ்ரத்" என்றார். அதற்குரிய பதில் நம் கையில்தான் இருக்கின்றது. தவறான தொழிலை விட்டு வருபவருக்கு ஜகாத்தாலும் வட்டியில்லாக் கடனாலும் தோள் கொடுப்பது வசதி படைத்தோரின் கடமை. கிழிந்த வலையையும் நெகிழிப் பையையும் கடலில் வீசாதிருக்கப் பெற்றோர் பிள்ளைகளைப் பழக்க வேண்டும்.

தரையிலும் கடலிலும் தோன்றும் சீர்கேட்டுக்கு மனிதர் கைகளின் செயலே காரணம் என்று அர்ரூம் அத்தியாயத்தின் 41ஆம் வசனம் எச்சரிக்கின்றது. மனிதர் மீண்டு வர வேண்டும் என்பதே அந்த எச்சரிக்கையின் நோக்கம் என்பதையும் அவ்வசனமே காட்டுகின்றது. மீள்வதற்கு வழி இன்னும் திறந்தே இருக்கின்றது.

யா அல்லாஹ்! உனது படைப்புகளை அமானிதமாகப் பேணும் பாக்கியத்தை எங்களுக்கு அருள்வாயாக! கடலை நம்பி வாழும் குடும்பங்களுக்கு ஹலாலான ரிஸ்கில் பரகத் செய்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.