தொடைச்சந்து நோவும் தேகப்பயிற்சியும்

(சங்கரன்கோவிலில் நடைபெற்ற நமது சங்க மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சரீர க்ஷேமத்தைப் பற்றி ஏதேனும் பேசவேண்டுமென்று காரியதரிசி அவர்கள் என்னைப் பணித்தார்கள். எதைப் பேசுவதென்று யான் அதிகம் ஆலோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஆடி மாதம் நெருங்குகின்றது. தபசுக்குக் கொடியேறிவிட்டால் நம் ஊர்ப் பெண்டிரும் ஆடவரும் 101, 501, 1001 என்று எண்ணிக்கை நேர்ந்துகொண்டு ஆடிச்சுற்றுச் சுற்றுவர். ஒற்றைக்காலில் தவம் நிற்கும் கோமதியம்மையின் கால் நோவைத் தாங்கள் பங்கிட்டுக்கொள்வதாக அவர்தம் நம்பிக்கை. "எனக்கு இடுப்பு வலி இருக்கிறதே, சுற்றலாமா?" என்று ஆண்டுதோறும் சிலர் என்னைக் கேட்பதுண்டு. அக்கேள்விக்கு விடையாகவே இன்று பேசுகின்றேன்.

முதலில் ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். இடுப்பு என்று நாம் சொல்லும்போது பெரும்பாலும் முதுகின் அடிப்புறத்தையே தொட்டுக் காட்டுகின்றோம். ஆனால் தொடையெலும்பின் உருண்டைத் தலை, ஆட்டுரற் குழியிற் குழவி பொருந்தினாற்போல, இடுப்பெலும்பின் குழியிற் பொருந்தியிருக்கும் மூட்டு வேறு. அதனைத் தொடைச்சந்து என்போம். அதன் நோவு பெரும்பாலும் முன்புறத்தில், தொடையிடுக்கிலே தோன்றும். சிலருக்குப் பிட்டத்திலும், இன்னும் சிலருக்கு முழங்காலிலும் தோன்றும். என் பெரியன்னையார் மூன்று ஆண்டுகாலம் முழங்காலுக்கே தைலம் தேய்த்துவந்தார். முழங்காலில் யாதொரு பழுதுமில்லை. காலை மடக்கி உட்புறமாகத் திருப்பிப் பார்த்த பின்னரே நோய் மேலே சந்தில் இருப்பது புலனாயிற்று.

ஆதலின் அடையாளங்களை அறிந்துகொள்க. சம்மணமிட்டு உட்கார முடியாமை. காலின் நகம் வெட்டவும் மெட்டியைத் திருத்தவும் குனிந்தால் எட்டாமை. காலையில் எழுந்ததும் சிறிது நேரம் விறைத்திருந்து நடக்க நடக்க இளகுதல். நெடுந்தூரம் நடந்தபின் தொடையிடுக்கு நோதல். இவை கூடியிருப்பின் இடுப்பு வலியென்று பொதுவாகச் சொல்லி வாளாவிருத்தல் தகாது. குழித்தறியில் பன்னாள் அமர்ந்தவர்களும், விடியுமுன் குனிந்து பூப்பறிப்பவர்களும் இதனை வேலைக் களைப்பென்றே தள்ளிவிடுகின்றனர். நம் நாட்டில் முழங்கால் தேய்வே மிகுதி, சந்துத் தேய்வு அதனினும் குறைவு என்பது மெய்யே. குறைவானதாலேயே அது தவறிப்போகின்றது.

இனி, ஒற்றைக்கால் நிற்றலைக் கவனிப்போம். 1895-ஆம் ஆண்டில் திரெண்டலன்பர்க் என்னும் ஜெர்மானிய ரணவைத்தியர் ஒரு சோதனையை எழுதிவைத்தார். நோயாளியை ஒரு காலில் நிற்கச் சொல்ல வேண்டும். நிற்கும் காலின் பிட்டத் தசை வலுவுடையதாயின் இடுப்பு சமமாக நிற்கும். வலுவிழந்திருப்பின் தூக்கிய காலின் பக்கம் இடுப்பு சரியும். இன்றும் வைத்தியர்கள் இதனையே செய்து பார்க்கின்றனர். ஏற்றமரத்தை எண்ணிப் பாருங்கள். தாங்குமிடத்திற்கு அருகே பிடித்து இழுப்பவன் மறுமுனைச் சுமையினும் மிகுந்த பலங்கொண்டு இழுத்தல் வேண்டும். பிட்டத் தசையின் நிலையும் அதுவே. ஆகவே ஒரு காலில் நிற்கையில் சந்தின்மேல் விழும் பாரம் உடலெடையில் ஏறத்தாழ இரண்டரை மடங்காகின்றது. 60 கிலோ எடையுள்ளவர்க்கு அது 150 கிலோ. நடக்கும் ஒவ்வோர் அடியிலும் நாம் கணநேரம் ஒற்றைக்காலில்தான் நிற்கின்றோம்.

நோவு கண்டவுடன் நம்மவர் செய்வது யாது? கட்டிலிற் படுத்துவிடுவது. "தேய்ந்ததை மேலும் தேய்க்கலாமா?" என்பது அவர்கள் வாதம். கேட்க நியாயமாகவே தோன்றும். ஆனால் சந்து வண்டியச்சு அன்று. மூட்டிலுள்ள குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. அழுந்துவதும் தளர்வதுமான அசைவினாலேயே அது மூட்டு நீரிலிருந்து தனக்கு வேண்டியதைப் பெறுகின்றது. படுத்திருந்தாலோ தசை மெலியும், மெலிந்தால் சந்து மேலும் நோகும், நோவதால் மேலும் படுப்பர். ஆகையால் இங்கிலாந்தின் 2022-ஆம் ஆண்டு வழிகாட்டி நூலும் இந்நோய்க்குத் தேகப்பயிற்சியையே முதன்மைச் சிகிச்சையாக வைத்துள்ளது. உடல் பருத்தோர் எடை குறைத்தலையும் உடன் கூறுகின்றது.

யான் மிகைபடக் கூறுவதாக எண்ணவேண்டாம். 2014-இல் பல ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்ததில், பயிற்சி செய்தோர்க்கு நோவு 100 அளவில் ஏறத்தாழ 8 அளவே மிகுதியாகக் குறைந்திருந்தது. அதே ஆண்டில் ஆஸ்திரேலியாவில் 102 நோயாளிகளிடம் செய்த பரிசோதனையில், இயன்முறை மருத்துவரின் முழுச் சிகிச்சை பெற்றவர்களும், வெறுங்களிம்பும் இயங்காத கருவியும் வைத்துப் போலிச் சிகிச்சை பெற்றவர்களும் ஒப்பவே தேறினர். இதனால் பயிற்சி வீணென்று சிலர் முடிவு கட்டினர். என் கருத்து வேறு. எட்டு என்பது சிறிதே. எனினும் குடலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் நோவுமாத்திரையைத் தினந்தோறும் விழுங்காமல் கிடைக்கும் எட்டு அது. தேய்ந்த எலும்பைப் பயிற்சி திருப்பித் தருமென்று ஒருவர் சொன்னால் மட்டும் நம்பாதீர்கள்.

பயிற்சிகள் நான்கு சொல்வேன். மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கிப் பிட்டத்தை மெல்ல உயர்த்தி இறக்குதல். ஒருக்களித்துப் படுத்து மேற்காலை நேராகத் தூக்கி இறக்குதல். காலை முன்னே கொண்டுபோனால் பயனில்லை, சற்றே பின்னோக்கி இருக்கவேண்டும். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருதல். இயலாதவர் தலையணையிட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்க. சுவரைத் தொட்டுக்கொண்டு ஒற்றைக்காலில் இடுப்புச் சரியாமல் பத்து எண்ணும் வரை நிற்றல். வாரம் மூன்று நாளேனும் செய்க. பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகும். நம்மவர் பெரும்பாலும் இரண்டாம் வாரத்திலேயே விட்டுவிடுகின்றனர். செய்யும்போது சிறிது நோதல் கேடன்று. மறுநாளும் அந்நோவு மிகுந்தே இருப்பின் அளவைக் குறைக்கவேண்டும்.

நிற்க. பயிற்சிக்கு உட்படாத நிலைகளும் உண்டு. பெயரில்லாப் பொட்டலத்தில் மூட்டுப் பொடி என்று விற்கப்படுவனவற்றுள் சிலவற்றில் ஸ்டீராய்டு மருந்தைக் கலந்துவிடுகின்றனர். உண்ட மறுநாளே நோவு பறந்துபோவதால் அதற்குப் பெரும்புகழ்! அம்மருந்தை நெடுநாள் உண்பதாலும், மிகுந்த குடியினாலும் தொடையெலும்பின் தலைக்கு ரத்தவோட்டம் குன்றி அவ்வெலும்பே பட்டுப்போகும். நம் நாட்டில் வாலிபர்களுக்குச் சந்து மாற்ற நேர்வது பெரும்பாலும் இதனாலேயே. தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் இது தெரியாது, எம்.ஆர்.ஐ. படத்தில் தெரியும். நாற்பது வயதுக்குட்பட்டவர்க்குத் தொடையிடுக்கு நோகுமாயின் வைத்தியர் பார்க்குமுன் பயிற்சி தொடங்கவேண்டாம். முதியவர் விழுந்தெழுந்து காலூன்ற முடியாதிருப்பின் எண்ணெயிட்டு உருவவும் வேண்டாம், எலும்பு முறிந்திருக்கலாம். காய்ச்சலோடு கூடிய சந்து நோவும் உடனே ஆஸ்பத்திரிக்குரியது.

இரவில் உறக்கம் கெடுமளவு நோவு முற்றியவர்க்கு ரணசிகிச்சை இருக்கின்றது. 1962-இல் இங்கிலாந்தில் சார்ன்லி என்பவர் வகுத்த முறையே இன்றைய சந்து மாற்றத்திற்கு அடிப்படை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் மூட்டு மாற்றுச் சிகிச்சை இடம்பெற்றுள்ளது; அட்டையுடையோர் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் விசாரித்தறிக. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் இயன்முறைச் சிகிச்சையை வீட்டுக்கே வந்து அளிக்க ஏற்பாடுண்டு. நடக்கமாட்டாத முதியோருக்காக அதனைக் கேட்டுப் பெறுவதில் நம் பெண்டிர் கூசவேண்டியதில்லை.

இனி அந்தக் கேள்விக்கு வருவோம். நோவுள்ளவர் ஆடிச்சுற்றுச் சுற்றலாம். ஆனால் 101-ஐயும் ஒரே நாளில் முடிக்க வேண்டுமென்பதில்லை. கொடியேற்றத்திலிருந்து நாட்களுக்குப் பகிர்ந்துகொண்டு, சுற்றுக்குச் சுற்று உட்கார்ந்து எழுந்து செல்லலாம். ஓடவேண்டாம். கைத்தடி பிடிக்க நாணவேண்டாம். நோயுள்ள பக்கத்துக் கையிலேயே தடியைப் பிடிப்பது நம்மவர் வழக்கம், அது தவறு. வலக்கால் நோகுமாயின் தடி இடக்கையில் இருத்தல் வேண்டும். வலக்கால் ஊன்றும்போது உடல் சாயத் தலைப்படுவது இடப்புறத்தே. அங்கே தடி தாங்கினால் வலப்பிட்டத் தசைக்கு இழுக்கும் வேலை குறையும், சந்தின் பாரமும் அதனளவே தணியும். கையைத் தொங்கவிட்டு நிற்கையில் மணிக்கட்டு மடியும் கோட்டுக்குத் தடியின் பிடி வரவேண்டும்.

தடி கொண்டுவந்திருப்போர் கூட்டம் முடிந்ததும் முன்வாருங்கள். உயரத்தை அளந்து, மிகுந்திருப்பின் அறுக்கவேண்டிய இடத்தைக் குறித்துத் தருகின்றேன். ஒருக்களித்துப் படுத்துச் செய்யும் பயிற்சியைத் தாய்மார்களுக்கு உள்ளறையில் என் மனைவியார் செய்து காட்டுவார்.